அரை நொடியில் கைமாறும் விசை

பல்லாவரத்தில் பிரிந்து பம்மல், அனகாபுத்தூர் வழியாகக் குன்றத்தூருக்கு வரும் சாலையில், அலுவலகம் விடும் நேரத்தில் ஊர்ந்து வருகிற ஆட்டோமேட்டிக் காரின் கியர் பாக்ஸுக்கு ஓய்வே கிடையாது. பத்தடி நகர்ந்ததும் முதல் கியரிலிருந்து இரண்டுக்குப் போகும். முன்னால் போகிற ஷேர் ஆட்டோ நின்றதும் மறுபடி ஒன்றுக்கு இறங்கும். வண்டி புதிதாக இருக்கும்வரை இந்த மாற்றம் ஓட்டுபவருக்குத் தெரிவதே இல்லை. பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய டீசல் காரில் தெரிய ஆரம்பிக்கும். "செகண்ட் விழும்போது தூக்கி அடிக்குது" என்று சிலர் மெக்கானிக்கிடம் வருவார்கள். "ஆர்பிஎம் ஏறுது, வண்டி இழுக்கல, அப்புறம்தான் கியர் விழுது" என்று சிலர் வருவார்கள்.

இரண்டும் ஒரே நோயின் இரு முனைகள். கியர் மாறும்போது ஒரு பிடி தளர்ந்து இன்னொரு பிடி இறுகுகிறது. அந்தக் கைமாற்றத்துக்குக் கிடைப்பது அரை நொடி அளவிலான நேரம். அது சுருங்கினால் அடிக்கும், நீண்டால் வழுக்கும். கியர் மாற்றத்தைச் சரிசெய்வது என்றால் அந்த நேரத்தைச் சரிசெய்வது. நம்மில் பெரும்பாலோர் மென்மையைத்தான் கேட்கிறோம். அளவுக்கு மீறிய மென்மை கியர் பாக்ஸுக்கு என்ன செய்கிறது என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டுவதே இந்த அத்தியாயத்தின் வேலை.

குன்றத்தூரைச் சுற்றி இந்தப் பேச்சு அதிகம் எழுவதற்குக் காரணம் உண்டு. மேற்கே இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் தயாரிக்கும் ஹூண்டாய் ஆலை, 2011-ல் வெளிவந்த வெர்னாவின் 1.6 லிட்டர் சிஆர்டிஐ டீசல் எஞ்சினோடு நான்கு கியர் ஆட்டோமேட்டிக்கையும் தந்தது. தெற்கே மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் பிஎம்டபிள்யூ 2007-ல் ஆலையைத் திறந்தது. அங்கே பூட்டப்பட்ட டீசல் கார்களில் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனத்தின் ஆறு கியர் ஆட்டோமேட்டிக் இருந்தது. ஒரகடத்தில் லாரி, பேருந்துகளுக்கான ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ்களை அல்லிசன் நிறுவனம் தயாரிக்கிறது. அந்தத் தலைமுறை டீசல் கார்கள் பதினைந்து ஆண்டுப் பதிவுக் காலத்தை ஒட்டியோ தாண்டியோ நிற்கின்றன. அவற்றை வைத்துக்கொள்வதா, விற்பதா என்ற முடிவில் கியர் பாக்ஸின் நிலைக்குப் பெரிய பங்கு உண்டு.

பிடித்தலும் விடுதலும்

ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்குள் பல்சக்கரங்கள் இடம் மாறுவதில்லை. அவை எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியே இருக்கின்றன. நடுவில் ஒரு சூரியச் சக்கரம், அதைச் சுற்றி ஓடும் கோள் சக்கரங்கள், அவற்றைத் தாங்கும் சட்டம், எல்லாவற்றையும் சூழ்ந்த வளையச் சக்கரம். இவற்றில் எதை நிறுத்துகிறோம், எதை எஞ்சினோடு இணைக்கிறோம் என்பதைப் பொறுத்து வேக விகிதம் மாறும். நிறுத்துவதும் இணைப்பதும் கிளட்ச் தட்டுகளின் வேலை. எண்ணெய் அழுத்தம் ஒரு பிஸ்டனைத் தள்ள, எஃகுத் தட்டுகளும் உராய்வுத் தட்டுகளும் நெருங்கி இறுகுகின்றன.

இசட்எஃப் ஆறு கியர் பெட்டியில் இப்படி ஐந்து பிடிகள்தாம் உண்டு: மூன்று கிளட்ச், இரண்டு பிரேக். அந்த ஐந்தை வைத்தே ஆறு முன் கியரும் ஒரு ரிவர்ஸும் கிடைக்கின்றன. எந்த முன் கியரிலும் இரண்டு பிடிகள் இறுகியிருக்கும். அடுத்த கியருக்குப் போக அவற்றில் ஒன்று விடும், வேறொன்று பிடிக்கும்.

கோயில் உற்சவத்தில் பல்லக்கைச் சுமக்கும் சீர்பாதம் தாங்கிகள் ஓடும் நடையிலேயே ஆள் மாற்றிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். புதியவர் தோள் கொடுப்பதற்குள் பழையவர் விலகினால் தண்டு சாயும். புதியவர் முழு பாரத்தையும் ஏற்ற பிறகும் பழையவர் விடாமல் நின்றால் இருவர் நடையும் ஒன்றையொன்று இடறும். கியர் பாக்ஸிலும் இந்த இரண்டு தவறுகள்தாம் சாத்தியம். பழைய கிளட்ச் முந்தி விட்டால் எஞ்சின் சுமையில்லாமல் உறுமிக்கொண்டு ஏறும். பிந்தி விட்டால் இரண்டு கியர்கள் ஒரே சமயம் பிடித்து, வண்டி யாரோ பின்னாலிருந்து இழுத்ததுபோல் ஒரு கணம் முடங்கும்.

நேரத்தின் நெருக்கடி இன்னும் நுட்பமானது. விடுபட்டிருக்கும் கிளட்சில் தட்டுகளுக்கிடையே மொத்தமாக ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். எண்ணெய் முதலில் அந்த இடைவெளியை நிரப்பியாக வேண்டும். அதன்பிறகே தட்டுகள் சுமையை ஏற்கும். சுமை பழைய பிடியிலிருந்து புதியதற்கு மாறும்போது எஞ்சின் வேகம் இன்னும் மாறியிருக்காது, ஆனால் சக்கரத்துக்குப் போகும் விசை கொஞ்சம் தாழும். இது முதல் கட்டம். அடுத்து எஞ்சினைப் புதிய கியருக்கு உரிய வேகத்துக்கு இழுத்து இறக்க வேண்டும். இது இரண்டாவது கட்டம். அடி, உதறல் என்று நாம் உணர்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது கட்டத்தை.

1,400 சுற்றின் கணக்கு

ஓர் எளிய கணக்கு போடலாம். முதல் கியரின் விகிதம் 2.9, இரண்டாவதின் விகிதம் 1.55 என்று கொள்வோம். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது கியர் மாறுகிறது. வண்டியின் வேகம் அந்தக் கணத்தில் மாறாது. எனவே இரண்டாவது கியரில் எஞ்சின் ஏறத்தாழ 1,600 சுற்றுக்கு இறங்கியாக வேண்டும். 1,400 சுற்று காணாமல் போக வேண்டும்.

சுழல்கிற எஞ்சினுக்கும் அதோடு சேர்ந்த பாகங்களுக்கும் நிலைமம் உண்டு. அதை 0.25 கிலோகிராம் சதுரமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 3,000 சுற்றிலிருந்து 1,600 சுற்றுக்கு இறங்கும்போது அது ஏறத்தாழ 8.8 கிலோஜூல் ஆற்றலை உதிர்க்கிறது. அதில் 6.1 கிலோஜூல் புதிய கிளட்ச் வழியாகச் சக்கரங்களுக்குப் போய் வண்டியை முன்னே தள்ளும். மீதி 2.7 கிலோஜூல், வழுக்கும் தட்டுகளில் வெப்பமாகும்.

இந்த மாற்றம் எவ்வளவு நேரத்தில் நடக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அரை நொடியில் நடந்தால், எஞ்சினின் வேகம் குறைவதால் மட்டும் கிளட்சில் கூடுதலாக ஏறும் முறுக்குவிசை 73 நியூட்டன் மீட்டர். அதே மாற்றம் 0.2 நொடியில் நடந்தால் 183 நியூட்டன் மீட்டர். வெர்னாவின் 1.6 டீசல் எஞ்சின் உச்சத்தில் தரும் முறுக்குவிசையே 260 நியூட்டன் மீட்டர் அளவில்தான். பாதி காலால் ஆக்சிலரேட்டரை மிதித்து வருகிற ஒருவருக்கு, திடீரென்று இன்னோர் எஞ்சின் கூடச் சேர்ந்து தள்ளி, அதே வேகத்தில் காணாமல் போனதுபோல் இருக்கும். நம் உள்காது முடுக்கத்தை உணரும் உறுப்பு. சீரான முடுக்கத்துக்கு உடல் பழகிக்கொள்கிறது. முடுக்கம் சட்டென்று மாறும்போது கழுத்துத் தசைகள் தயாராவதற்குள் தலை ஆடிவிடுகிறது. அதைத்தான் 'தூக்கி அடிக்குது' என்கிறோம்.

அப்படியானால் ஒரு நொடி எடுத்துக்கொண்டால் என்ன? கூடுதல் முறுக்குவிசை 37 நியூட்டன் மீட்டராகக் குறையும். பயணிக்கு எதுவும் தெரியாது. ஆனால் வெப்பத்தைப் பாருங்கள். கிளட்ச் வழுக்குகிற நேரம் முழுவதும் எஞ்சின் சும்மா இருப்பதில்லை. அது தொடர்ந்து விசை தருகிறது. மிதமான மிதியில் 150 நியூட்டன் மீட்டர் என்று கொண்டால், 0.2 நொடி மாற்றத்தில் தட்டுகளில் பிறக்கும் மொத்த வெப்பம் ஏறத்தாழ 4.9 கிலோஜூல். அரை நொடியில் 8.2 கிலோஜூல். ஒரு நொடியில் 13.7 கிலோஜூல். தட்டுகளின் எடை ஒரு கிலோ என்றால், வேகமான மாற்றத்தில் அவை பத்து டிகிரி சூடாகும். மென்மையான மாற்றத்தில் முப்பது டிகிரி. உராய்வு நடக்கும் மேற்பரப்பில் சூடு இதைவிடப் பல மடங்கு இருக்கும். அந்தச் சூடு எண்ணெயில் கரைவதற்குள் அடுத்த மாற்றமும் வந்துவிட்டால், தட்டின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பூச்சு கருகத் தொடங்கும்.

ஆகவே மென்மையையும் ஆயுளையும் ஒரே அளவில் முழுதாகப் பெற முடியாது. வடிவமைப்பாளர்கள் இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மெல்ல மிதித்தால் எஞ்சின் தரும் விசை குறைவு, வெப்பமும் குறைவு; எனவே குறைந்த அழுத்தம், மென்மையான மாற்றம். அழுத்தி மிதித்தால் உயர்ந்த அழுத்தம், உறுதியான மாற்றம். மிதிக்கும் காலுக்கும் எண்ணெய் அழுத்தத்துக்கும் உள்ள இந்த உறவு சரியாக இருக்கும்வரை கியர் பாக்ஸ் நலமாக இருக்கும்.

டீசலில் இல்லாத வெற்றிடம்

கால் எவ்வளவு அழுத்துகிறது என்று கியர் பாக்ஸுக்கு எப்படித் தெரியும்? பெட்ரோல் எஞ்சினில் இதற்கு எளிய வழி இருந்தது. காற்று உள்ளே வரும் வழியில் ஒரு திராட்டில் தகடு இருக்கும். கால் எடுத்தால் அது மூடும். எஞ்சின் காற்றுக்கு ஏங்கி உறிஞ்ச, குழாயில் வெற்றிடம் கூடும். அழுத்தினால் திறக்கும், வெற்றிடம் மறையும். அந்தக் குழாயிலிருந்து ஒரு மெல்லிய ரப்பர் குழாயைக் கியர் பாக்ஸுக்கு இழுத்துவிட்டால், காலின் செய்தி தானாகப் போய்ச் சேரும்.

டீசல் எஞ்சினுக்கு அப்படிப்பட்ட திராட்டில் தேவையில்லை. காற்றை அது தடையில்லாமல் இழுக்கிறது. சக்தியைக் கூட்டுவதும் குறைப்பதும் டீசலின் அளவை வைத்தே. எனவே உறிஞ்சு குழாயில் பயன்படுத்தத் தகுந்த வெற்றிடம் இல்லை. அதோடு டீசலின் சுழலும் பாகங்கள் கனமானவை, குறைந்த வேகத்திலேயே முறுக்குவிசை அதிகம். மேலே போட்ட கணக்கில் நிலைமமும் முறுக்குவிசையும் டீசலில் பெரிதாகின்றன. அழுத்தத்தைச் சொல்லித்தரும் செய்தி மட்டும் இல்லாமல் போகிறது.

இதற்கு மெர்சிடீஸ் பென்ஸ் தந்த தீர்வை, 1976 முதல் 1980-களின் நடுப்பகுதி வரை வந்த டபிள்யூ123 வரிசையின் 240டி, 300டி டீசல் கார்களில் பார்க்கலாம். எஞ்சினே ஒரு வெற்றிட பம்பை ஓட்டும். இன்ஜெக்ஷன் பம்பின் நெம்புகோலில் ஒரு சிறு வால்வு பொருத்தியிருப்பார்கள். ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்த அந்த வால்வு வெளிக்காற்றை உள்ளே விட்டு வெற்றிடத்தைக் குறைக்கும். இப்படிச் செயற்கையாக உண்டாக்கிய வெற்றிடம் கியர் பாக்ஸின் பக்கவாட்டில் இருக்கும் மாடுலேட்டருக்குப் போகும். அங்கே ஒரு ரப்பர் சவ்வும் ஸ்பிரிங்கும் உண்டு. வெற்றிடம் அதிகமானால் எண்ணெய் அழுத்தம் குறையும், மாற்றம் மென்மையாகும். வெற்றிடம் இல்லாவிட்டால் அழுத்தம் உச்சத்துக்குப் போகும், மாற்றம் கடினமாகும்.

இந்த அமைப்பில் ஒரு வியப்பு உண்டு. அதே வெற்றிடம்தான் அந்தக் காரின் கதவுப் பூட்டுகளையும் இயக்குகிறது. சாவியைத் திருப்பினால் எஞ்சினை நிறுத்துவதும் அதுவே. எனவே பின் கதவுப் பூட்டின் சவ்வில் விழுந்த ஒரு சிறு கிழிசல், கியர் தூக்கி அடிப்பதற்குக் காரணமாகலாம். சாவியை எடுத்த பிறகும் எஞ்சின் சில நொடி ஓடிக்கொண்டிருந்தால், கியர் பாக்ஸைத் திறப்பதற்கு முன் ரப்பர் குழாய்களைச் சோதிக்க வேண்டும் என்று தேர்ந்த மெக்கானிக் அறிவார்.

மாடுலேட்டரில் ஒரு மூடியைக் கழற்றினால் உள்ளே திருகி உண்டு. ஒரு திசையில் திருப்பினால் அழுத்தம் கூடும், மறுதிசையில் குறையும். குறட்டால் கொஞ்சம் திருப்பியே உதறலை நிறுத்திவிடலாம். ஆபத்தும் அங்கேதான். கதவுப் பூட்டில் கசிவை வைத்துக்கொண்டு மாடுலேட்டரைத் தளர்த்தினால், கசிவு ஈடுகட்டப்பட்டதுபோல் தோன்றும். ஆனால் ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தும்போது வேண்டிய உச்ச அழுத்தமும் சேர்ந்து குறைந்திருக்கும். பெருங்களத்தூர் பாலத்தில் லாரியை முந்தும்போது தட்டுகள் வழுக்கும். வீட்டு வாசலில் கிடைத்த மென்மைக்கு நெடுஞ்சாலையில் விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

கேபிளின் ஒரு மில்லிமீட்டர்

ஜப்பானியப் பொறியாளர்கள் வேறு வழியில் போனார்கள். பழைய டொயோட்டா ஆட்டோமேட்டிக்குகளில் ஆக்சிலரேட்டரோடு சேர்ந்து அசையும் ஒரு கேபிள் நேராகக் கியர் பாக்ஸுக்குள் இறங்கி ஒரு வால்வை அழுத்தும். அந்த முறையைச் சரிபார்க்கும் அளவு மிகச் சிறியது: ஆக்சிலரேட்டர் முழுதாக அழுத்தப்பட்ட நிலையில், கேபிளின் மேல் இருக்கும் நிறுத்தக் குமிழுக்கும் உறையின் முனைக்கும் இடைவெளி 0 முதல் 1 மில்லிமீட்டர்.

இங்கே பழுதாகும் திசை எதிரானது என்பதைக் கவனியுங்கள். மெர்சிடீஸில் குழாய் பிய்ந்தால் வெற்றிடம் போகும், அழுத்தம் உயரும், கியர் அடிக்கும். பயணி முகம் சுளிப்பார், தட்டுகள் பிழைக்கும். டொயோட்டாவில் கேபிள் நீண்டு தளர்ந்தால் அழுத்தம் குறையும். வண்டி முன்பைவிட வழவழவென்று ஓடுவதாகத் தோன்றும், கியர் சீக்கிரமே மேலே போகும், தட்டுகள் உள்ளே மெல்லக் கருகும். எந்தப் பழுது நமக்கு வசதியாகத் தோன்றுகிறதோ, அதுவே கேடு.

கற்றுக்கொள்ளும் பெட்டி

வெர்னா, பிஎம்டபிள்யூ தலைமுறையில் வெற்றிடமும் கேபிளும் போய்விட்டன. சோலெனாய்டு வால்வுகள் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துகின்றன, கணினி அவற்றை இயக்குகிறது. கியர் மாறும் கணத்தில் அது எஞ்சின் கணினியிடம் கேட்டு டீசலைச் சிறிது குறைக்கச் சொல்கிறது. நாம் மேலே கண்ட 150 நியூட்டன் மீட்டர் அந்த அரை நொடிக்குத் தணிகிறது. அதனால் வெப்பமும் அடியும் சேர்ந்தே குறைகின்றன. மெக்கானிகல் இன்ஜெக்ஷன் பம்பு காலத்தில் இந்தச் சலுகை கிடைக்கவில்லை.

இன்னொன்றையும் கணினி செய்கிறது. உள்ளே நுழையும் தண்டின் வேகத்தையும் வெளியேறும் தண்டின் வேகத்தையும் அளந்து, ஒவ்வொரு மாற்றமும் எவ்வளவு நேரம் எடுத்தது என்று பார்க்கிறது. தட்டுகள் தேய்ந்தால் இடைவெளி பெரிதாகும், நிரப்ப அதிக எண்ணெய் வேண்டும். அடுத்த முறை கொஞ்சம் முன்கூட்டியே நிரப்பக் கற்றுக்கொள்கிறது. இந்தத் திருத்தங்கள் அதன் நினைவில் சேர்ந்துகொண்டே போகின்றன. இந்தக் கார்களில் ஸ்க்ரூடிரைவரால் திருப்ப எதுவும் இல்லை. எண்ணெய் மாற்றினாலோ அந்த வால்வுகள் அடங்கிய வால்வு பாடியைச் சரிசெய்தாலோ, ஸ்கேனரை இணைத்துப் பழைய பாடத்தை அழித்துவிட்டு, எண்ணெய் நன்றாகச் சூடான பிறகு மிதமான மிதியில் எல்லாக் கியர்களையும் பலமுறை கடந்து, புதிதாகக் கற்றுக்கொள்ளவிட வேண்டும். வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலைபோல் தடையில்லாத நீண்ட பாதை அதற்கு ஏற்றது. சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் தெருவில் அது முதல் இரண்டு கியர்களை மட்டுமே திரும்பத் திரும்பப் படிக்கும்.

எண்ணெயே நரம்பு

இதுவரை பேசிய அழுத்தம் எல்லாம் எண்ணெயின் வழியாகவே நடக்கிறது. தட்டுகள் பிடிக்கும் தன்மையும் அதில்தான் இருக்கிறது. உராய்வுத் தட்டின் மேற்பரப்பு, நார்களைப் பிசினால் இறுக்கிய ஒருவகைக் காகிதம். அதன்மேல் எண்ணெயில் கலந்த வேதிப்பொருள்கள் ஒரு மூலக்கூறுப் படலமாகப் படிகின்றன. வழுக்கும் வேகம் குறையும்போது உராய்வும் சேர்ந்து குறைய வேண்டும். அப்போதுதான் கிளட்ச் அமைதியாக இறுகும். எண்ணெய் பழசாகி அந்தப் படலம் அழிந்தால் நேர்மாறாக நடக்கும். கடைசிக் கணத்தில் தட்டுகள் ஒட்டி, விடுபட்டு, மறுபடி ஒட்டி நடுங்கும்.

இந்த வேதியியலின் முக்கியத்துவத்தை அமெரிக்கா பட்டறிந்தது. ஏடிஎஃப் எனப்படும் ஆட்டோமேட்டிக் எண்ணெய்க்கு 1949-ல் ஜெனரல் மோட்டார்ஸ் முதல் தரக்குறிப்பை வகுத்த காலம் தொட்டு, அந்த வழவழப்புக்காக ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எண்ணெய் கலக்கப்பட்டது. 1970-களின் தொடக்கத்தில் திமிங்கலங்களைக் காக்கும் சட்டம் வந்து அது நின்றது. மாற்றுச் சேர்மங்கள் பக்குவப்படும்வரை அங்கே கியர் பாக்ஸ் பழுதுகள் பெருகின. இன்றைக்குத் தேவையானவை ஆய்வகத்தில் பிறக்கின்றன. ஆனால் ஒவ்வொரு பெட்டிக்கும் கலவை வேறு. 'ஏடிஎஃப்தானே, எல்லாம் ஒன்றுதான்' என்று கைக்குக் கிடைத்ததை ஊற்றினால் மாற்றத்தின் தன்மையே மாறிவிடும்.

சூடு அடுத்த எதிரி. சாதாரண ஏடிஎஃப் 100 டிகிரியில், 40 டிகிரியில் இருந்த பிசுபிசுப்பில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கே வைத்திருக்கும். நீர்த்துப்போன எண்ணெய் தேய்ந்த வால்வுகளின் ஓரமாகக் கசிந்து அழுத்தத்தை இழக்கும். காலையில் ஒழுங்காக மாறும் கியர், சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் ஊர்ந்த பிறகு வழுக்குவது இதனால்தான். வெப்பம் பத்து டிகிரி கூடும்போதெல்லாம் எண்ணெய் கெடும் வேகம் சுமார் இரட்டிப்பாகும் என்பது பொறியாளர்கள் நம்பும் கைக்கணக்கு. 'ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்' என்று கார் கையேடுகள் சொன்ன காலத்திலேயே, பெட்டியைச் செய்த இசட்எஃப் தன் ஆறு கியர் பெட்டிக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு ஆண்டுக்குள் எண்ணெய் மாற்றப் பரிந்துரைத்தது. சென்னைப் புறநகரின் வெயிலுக்கும் நெரிசலுக்கும் அவற்றில் குறைந்த கிலோமீட்டர் கணக்கை எடுத்துக்கொள்வதே அறிவு.

மூன்றாவது எதிரி நம் பகுதிக்கே உரியது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீரும் பெருமழையும் சேர்ந்து அடையாற்றில் ஓடியபோது அனகாபுத்தூர், முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களில் கார்கள் மூழ்கின. கியர் பாக்ஸுக்கு மூச்சுவிட ஒரு சிறு துளை உண்டு. சூடான பெட்டி சட்டென்று குளிர்ந்த நீரில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, அந்தத் துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். காகிதத் தட்டு எண்ணெயைவிடத் தண்ணீரை ஆவலோடு ஏற்கும். பிசின் இளகும், பூச்சு உரியும். எண்ணெய் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் அதற்குமேல் எஞ்சினை ஓட்டாமல் இழுத்துச் செல்வதே நல்லது. மழைக்குப் பிறகு வாங்கும் பழைய கார்களில் முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்ணெயின் நிறம்.

திருகிக்கு முன்னால்

இத்தனையும் தெரிந்தபின் சரிசெய்யும் வரிசை தானாகவே விளங்கும். முதலில் கியர் பாக்ஸுக்கு வெளியே பார்க்க வேண்டும். எஞ்சின் மவுண்ட் ரப்பர் அமுங்கிப்போயிருந்தால் நல்ல மாற்றமும் அடியாகவே கேட்கும். ஐட்லிங் வேகம் அதிகமாக இருந்தால் நியூட்ரலிலிருந்து டிரைவுக்குப் போடும்போது 'டக்' என்று விழும். பின்சக்கரங்களால் இயங்கும் வண்டியானால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் இணைப்புகளில் ஆட்டம் இருக்கிறதா என்று கையால் அசைத்துப் பார்க்கலாம்.

அடுத்து எண்ணெயின் அளவு. குறைந்தாலும் பம்பு காற்றை இழுத்து நுரைக்கும். கூடினாலும் சுழலும் பாகங்கள் கடைந்து நுரைக்கும். நுரை அமுங்கக்கூடியது, அதனால் அழுத்தம் நிற்காது. டிப்ஸ்டிக் இல்லாத இசட்எஃப் பெட்டியில் எஞ்சின் ஓடும்போதே, எண்ணெய் 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கையில் அளவு பார்க்க வேண்டும். ஐரோப்பியப் பட்டறைக்கு இது நிதானமான அவகாசம். மே மாதத்துப் பிற்பகலில் நம் ஊர்ப் பட்டறையில் நிற்கும் காரின் எண்ணெய் தொடக்கத்திலேயே 35 டிகிரியைத் தாண்டியிருக்கும். இந்த வேலையை விடிந்ததும் செய்துவிடுவது நல்லது.

பிறகு செய்தி போகும் வழி: வெற்றிடக் குழாய்கள், கேபிளின் நீளம், சென்சார்கள். ஒவ்வொன்றையும் அளந்து, கெட்டதை மாற்ற வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்தும் குறை மிஞ்சினால் மட்டுமே மாடுலேட்டர் திருகியைத் தொட வேண்டும். அப்போதும் முதலில் இருந்த நிலையைக் குறித்துவைத்து, கொஞ்சம் திருப்பி, எண்ணெயைச் சூடாக்கி, ஓட்டிப் பார்த்துத்தான் அடுத்த அசைவு.

முடிவை எடைபோட ஒரு சோதனை போதாது. மெல்ல மிதித்து மட்டும் ஓட்டினால் மென்மையான அமைப்பு எப்போதும் ஜெயிக்கும். எண்ணெய் முழுதாகச் சூடான பிறகு, தடையில்லாத சாலையில் ஒருமுறை அழுத்தி மிதித்து, டாக்கோமீட்டர் முள்ளைக் கவனிக்க வேண்டும். கியர் மாறும் கணத்தில் முள் மேலே துள்ளாமல் ஒரே வீச்சில் கீழே இறங்கினால் கைமாற்றம் சரி. இறங்குவதற்கு முன் ஒரு சிறு ஏற்றம் தெரிந்தால், உடம்புக்கு எவ்வளவு சுகமாக இருந்தாலும், தட்டுகள் வழுக்குகின்றன என்று பொருள். அடுத்த முறை மெக்கானிக்கிடம் போகும்போது 'கொஞ்சம் ஸ்மூத்தாக்கிக் கொடுங்கள்' என்று கேட்பதைவிட, 'அழுத்தி மிதிக்கும்போது முள் துள்ளுகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்' என்று கேளுங்கள். கியர் பாக்ஸ் இன்னும் பல வருடம் ஓடுமா என்பதற்கான பதில் அந்த முள்ளின் அசைவில் இருக்கிறது.